துருவில்லாத நான்கு திருகாணிகள்

சட்டையின் வலக்கையை உருவும்போதுதான் பை கனக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கூடத்தில் பாயின் மேல் அவளுடைய கணவர் கிடந்தார். மூச்சு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உடம்பு விறைப்பதற்குள் சட்டையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கத்தரிக்கோல் போட வேண்டிவரும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போன மாதம்தான் வாங்கிய சட்டை. அதில் கத்தரி வைக்க அவளுக்கு மனசில்லை.

பைக்குள் கையை விட்டாள். துருப்பிடித்த ஆணிகள் வந்தன. கம்பித் துண்டுகள், பாதி உடைந்த கீல் ஒன்று, எதிலிருந்தோ கழன்ற ஒரு பல்சக்கரத் துண்டு. கால்சட்டைப் பை இரண்டிலும் அதே கதைதான். எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்தில் கிடந்த சாப்பாட்டுத் தட்டில் போட்டாள். ஒவ்வொன்றும் விழும்போது தட்டு கணீரென்றது. சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து "மெதுவா" என்பார் என்று நினைத்தவளைப் போல, ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஊரில் அவருக்கு நிதானம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. நாற்பது வருடமாக டிராக்டர் ஓட்டியவர், சாலையில் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. பின்னால் மாட்டிக்கொண்ட பேருந்துக்காரர்கள் ஹாரன் அடித்தால், கையை வெளியே நீட்டி, மாட்டின் முதுகைத் தட்டுவது போலக் காற்றைத் தட்டி, "நிதானம், நிதானம்" என்பார். அவர்கள் வைத்த பேர் அது. பேர் வைத்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பேர் மட்டும் நின்றுவிட்டது.

வாசலில் மேட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய சூளை நிலத்துக்கு மேலே, சரிவின் உச்சியில் நிலம் வைத்திருப்பவர். ஒரு வேலிக் கல்லை யார் நகர்த்தினார்கள் என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பத்து வருடமாகப் பேச்சு இல்லை. அவர்தான் இன்று காலை நிதானத்தைத் தோளில் போட்டுச் சரிவில் இறங்கி வந்தவர். அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. சட்டையெல்லாம் செம்மண். தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். வீட்டுக்குப் போகவில்லை.

நடந்ததை அவர் நாலு வார்த்தையில் சொல்லியிருந்தார். ஆறரை மணிக்கு நிதானம் காந்தப் பலகையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு நிலத்துக்குள் வந்தார். ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்தார். மேட்டுக்காரர் வேலியைத் தாண்டி ஓடினார்.

"கூப்பிட்டேன்மா. திரும்பிப் பார்த்தாரு. அவ்வளவுதான்."

போன வருடம் ஒரு நாள், டிராக்டரை வாசலில் நிறுத்தியவர், இன்ஜினை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் இது யார் என்ற கேள்வி இருந்தது. ஐந்து நிமிடம். பிறகு இறங்கி, ஒன்றும் நடக்காததுபோலக் கை கழுவினார். மருத்துவர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு, அவரிடம் பேசாமல் அவளிடம் பேசினார். இதயம் களைத்துவிட்டது, மாத்திரை தவறக் கூடாது, வண்டி ஓட்டவே கூடாது, அதுவும் மேடு பள்ளத்தில் மயக்கம் வந்தால் வண்டி இவர் மேலேயே கவிழும் என்றார். நிதானம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு திரும்பும் வழியில் டிராக்டருக்கு கிரீஸ் வாங்கினார்.

அதற்கு மறு மாதம் அவர் அந்தச் சூளை நிலத்தை உழக் கிளம்பினார். செங்கல் சூளை மூடி முப்பது வருடம் ஆன சரிவு. மண்ணுக்கு மேலே தெரிந்ததைவிட உள்ளே புதைந்திருந்தது அதிகம். வெந்த செங்கல், வேகாத செங்கல், தள்ளுவண்டிச் சட்டங்கள், கட்டுக் கம்பிகள், ஆணிகள். ஒருவரும் ஏர் வைக்கத் துணியாத இடம். அதனாலேயே அவருக்கு அது வேண்டியிருந்தது. அவள் கெஞ்சினாள். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். சாவியை அரிசிக்குள் ஒளித்தாள். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. நகரத்தில் கிடங்கில் வேலை பார்க்கும் மகனிடம் சொன்னாள். "நான் சொன்னா கேக்குற ஆளாம்மா அவரு?" என்று அவன் போனில் சிரித்தான். கோபித்துக்கொள்ள முடியவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

முதல் பஞ்சர் தானாக வந்தது. முன் சக்கரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய ஆணி. பஞ்சர்காரர் வெளியூர் போயிருந்தார், வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் நிதானம் வீட்டில் இருந்தார். சமையலறை வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தார். உரித்ததில் பாதியைத் தின்றார். அவள் திட்டினாள். அன்றைக்கு அவள் தூங்கியதுபோல வருடம் முழுக்கத் தூங்கவில்லை.

மாட்டுக் கொட்டகையைக் காலி செய்து டிராக்டர் நிறுத்தத் தகரக் கூரை போட்டபோது மிஞ்சிய திருகாணிகள் ஒரு டப்பாவில் இருந்தன. நுனி துளைக்கருவி போல, தலை ஆறு பட்டையாக, தலைக்கடியில் கறுப்பு ரப்பர் வளையத்தோடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானம் முக்கால் மணி நேரம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் அவள் கொட்டகைக்குப் போனாள். முன் சக்கரத்தின் முன்னால் குந்தினாள். டயரின் வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் திருகாணியை வைத்து, ஸ்பானரால் திருகினாள். ரப்பர் அவள் நினைத்ததைவிடக் கெட்டி. கை வலித்தது. கடைசியில் சின்னதாக ஒரு சீறல் கேட்டது. திருகாணியை உள்ளேயே விட்டுவிட்டாள். காற்று மெல்ல இறங்கி, விடிந்து பார்த்தால் சக்கரம் தரையோடு உட்கார்ந்திருக்கும். நேற்று நிலத்தில் ஏறிய ஆணி என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரிவில் ஓடும்போது காற்று போனால் ஆபத்து என்பதை யோசித்து, அவர் மறுபடி வண்டியெடுக்காத நாளாகப் பார்த்துத்தான் செய்தாள்.

நிதானம் டயரைத் திட்டவில்லை. நிலம் தனக்கு வைத்த சோதனை என்று எடுத்துக்கொண்டார். காற்றளக்கும் கருவி ஒன்றை வாங்கி, தினமும் காலையில் நாலு சக்கரத்தையும் அளந்தார். காற்று குறைந்தால் டயரின் பக்கம் மடங்கிக் கல்லில் கிழியும், கூடினால் விறைத்துப்போய்க் கூரானது எதுவும் சுலபமாக ஏறும் என்று சாப்பிடும்போது அவளுக்கு விளக்கினார். டியூபுக்குள் பச்சை நிறத்தில் ஏதோ பசை ஊற்றினார். சின்ன ஓட்டை விழுந்தால் அதுவே ஓடிப்போய் அடைக்குமாம். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த தடவை திருகாணியை உள்ளும் வெளியுமாக நாலைந்து முறை திருப்பி, ஓட்டையைப் பெரிதாக்கினாள்.

அவர் கற்றுக்கொண்டதையெல்லாம் அவளும் கூடவே கற்றுக்கொண்டாள். கல்லுடைக்கும் ஆலையில் கழித்துப்போட்ட ரப்பர் பட்டையை வாங்கி வந்து, நீளமாக வெட்டி, டியூபை உரசாதபடி ஓரங்களைத் தேய்த்து, டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பஞ்சர்காரரைக் கொண்டு வைத்தார். "இனி ஏறாது" என்று குழந்தை போலச் சொன்னார். நிஜமாகவே ஏறவில்லை. அன்று மத்தியானம் திருகாணி பாதியிலேயே நின்று சுற்றியது. அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைக் கழற்றி, டயரின் பக்கவாட்டில் வைத்துத் திருகினாள். அங்கே பட்டை இல்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

அது நாலாவது திருகாணி. அதற்குப் பிறகு அவள் ஸ்பானரைத் தொட வேண்டியிருக்கவில்லை. பஞ்சர்காரர் மறு நாளே வந்து ஒட்டி மாட்டிவிட்டுப் போனார். ஆனால் நிதானம் வண்டியை எடுக்கவில்லை. நிலத்தை முழுசாக நடந்து பொறுக்கிய பிறகுதான் டிராக்டர் என்றார். பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து காந்தங்களைப் பிடுங்கி ஒரு பலகையில் பதித்து, அதற்குக் கயிறு கட்டினார். தினமும் விடிந்ததும் அதை இழுத்துக்கொண்டு போவார். பத்து மணிக்குத் திரும்புவார். சமையலறை வாசலிலிருந்த வாளியில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, "இன்னும் கிடக்கு பாரு" என்பார். டிராக்டருக்கு இன்னும் பத்து நாளாகும், பதினைந்து நாளாகும் என்பார். நடக்கிறவர் மேல் எதுவும் கவிழாது என்று அவள் நிம்மதியாக இருந்தாள். இப்படிப் பதினோரு நாள்.

பதினோராவது நாள் இன்று.

மகன் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பேருந்தில் ஐந்து மணி நேரம். அப்பாவின் காலருகே போய் நின்றான், முகத்தருகே போகவில்லை. பிறகு நேராக வாசலுக்குப் போய், பந்தல் போடுகிறவர்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். துக்கத்தை வேலையாக மாற்றிக்கொள்வது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். வந்தவர்களுக்காக நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு நாற்காலி தரையில் இழுபடும்போதும் அவள் வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பலகை இழுபடும் சத்தம் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்க எழுந்தேவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பஞ்சர்காரர் ஒரு மணிக்கு வந்தார். நிதானத்துக்குக் கையால் கும்பிடு போட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் வந்து, கதவோரமாக நின்றார். கரி படிந்த விரல்களில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அக்கா, இதை இன்னைக்குப் பேசக் கூடாது. ஆனா பேசாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

பொட்டலத்தைப் பிரித்தார். நாலு திருகாணிகள். அவளுக்கு வாய் உலர்ந்தது. அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணன் டயர்ல எடுத்தது. நாலு தடவையும் இதே ஸ்க்ரூ. அந்த நிலத்துல கிடந்ததுன்னா துரு இருக்கணும், இதுல ஒரு பொட்டு இல்ல. ஓடும்போது ஏறினதுன்னா தலை தேஞ்சிருக்கணும், தேயல. ஸ்பானர் பிடிச்ச தடம்தான் இருக்கு. கடைசி ஒண்ணு டயரோட பக்கத்துல இருந்துச்சுக்கா. பக்கத்துல கல்லு கிழிக்கும், ஆணி எப்படி ஏறும்? யாரோ உட்கார்ந்து திருகியிருக்காங்க."

அடுப்பில் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் அடுப்பையே பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"நாலாவது தடவை கொட்டகையில வச்சு நான்தான் காட்டினேன். கையில வாங்கி ரொம்ப நேரம் உருட்டிப் பார்த்தாரு. அப்புறம் என்ன நினைச்சாரோ, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாரு. 'நிலத்துலதான் கிடந்திருக்கும், யார்கிட்டயும் சொல்லாத'ன்னாரு. வம்பு வேணாம்னு பயந்துட்டாரோ என்னவோ."

கொட்டகைக் கூரையில் வரிசை வரிசையாக இருநூறு திருகாணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள்தான் கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள். ஏணி மேல் நின்று திருகியவர் அவர்.

"யாரைப் பார்த்துப் பயம்?" என்று கேட்டாள்.

பஞ்சர்காரர் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். மேட்டுக்காரர் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து வருடப் பகை. தன் நிலத்துப் பாதையில் டிராக்டர் போவது அவருக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். இன்று தூக்கி வந்ததுகூடக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துத்தான் என்று பஞ்சர்காரர் முடிவு கட்டியிருந்தார். தம்பியிடம், அதாவது அவளுடைய மகனிடம், வந்தவுடன் சொல்லியும் விட்டார்.

அவள் எழுந்து கூடத்து வாசலுக்கு வருவதற்குள் மகன் மேட்டுக்காரரின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தான். அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

தினமும் காலையில் நீங்கள் மேலே இருந்தீர்களா என்று கேட்டான். இருந்தேன் என்றார் மேட்டுக்காரர். அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்களா என்றான். கேள்வியின் முனை அவருக்குப் புரியவில்லை. சாவு வீட்டில் மகன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருந்ததையெல்லாம் சொன்னார். முதல் நாலு நாளும் நிதானம் சரியாகத்தான் பொறுக்கினாராம். பிறகு வேலியோரம் வந்து நின்றாராம். பத்து வருடத்துக்குப் பிறகு, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாராம்.

"டிராக்டர் மேல இருந்தா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எங்க பேசுறது, தம்பி? நடந்து வந்ததாலதான் பேசினோம். அப்புறம் தினமும் வந்து உட்காருவாரு."

"உட்காருவாரா? அம்மா தினமும் இரும்பு பொறுக்கினாருன்னு சொன்னாங்களே."

"பொறுக்க என்ன இருந்துச்சு? நாலஞ்சு நாள்லயே நிலம் சுத்தம். பலகையை இழுத்தா ஒரு குண்டூசி ஒட்டாது. நானே கேட்டேன், இன்னும் எதைத் தேடுறீங்கன்னு. சிரிச்சாரு. 'வீட்டுல கேட்டா நிறையக் கிடக்குன்னு சொல்லுங்க'ன்னாரு."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறை வாசலுக்குத் திரும்பிப்போக எட்டு அடி. போனாள். வாளி இருந்தது. அடியில் கொஞ்சம் துருத் தூள், இரண்டு கம்பித் துணுக்கு. அவ்வளவுதான். பதினோரு நாள் கொட்டியும் வாளி ஏன் நிறையவில்லை என்று அவள் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு நிறைய இரும்பு இருந்தது. ஆறரை மணிக்கு நிலத்துக்குள் கால் வைத்தவர், ஒரு நடை முடியுமுன் சாய்ந்தவர்; அவருடைய மூன்று பையும் எப்படி நிறையும்? விடிகாலையில் அவள் அடுப்பு பற்றவைக்கும்போது, அவர் இந்த வாளியிலிருந்து நேற்றைய ஆணிகளை, முந்தாநாளைய ஆணிகளை, சத்தமில்லாமல் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பத்து மணிக்கு வந்து, சத்தத்தோடு கொட்டியிருக்கிறார். வண்டியை எடுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே. அவள் வெட்கப்படாதபடி ஒரு காரணம்.

அந்தக் கனத்தையும் சுமந்துகொண்டு தினமும் சரிவேறியிருக்கிறார்.

வாசலில் மகனின் குரல் மாறியிருந்தது. என் அப்பாவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்று அவன் சொல்வது கேட்டது. என்ன செய்தேன் என்று மேட்டுக்காரர் எழுந்து நின்றார். நாற்காலி கீழே சாய்ந்தது. ஆட்கள் திரும்பினார்கள். பஞ்சர்காரர் பொட்டலத்தோடு முன்னால் போனார்.

"இங்க வா" என்றாள் அவள்.

மகன் திரும்பவில்லை. இரண்டாவது தடவை அவனுடைய சின்ன வயதுச் செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இத்தனை பேர் முன்னால் அந்தப் பேரைக் கேட்டதும் அவனுக்கு முகம் சிவந்தது. வந்தான். அவனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனாள். டிராக்டர் சும்மா நின்றுகொண்டிருந்தது. தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது.

"அந்த ஸ்க்ரூவெல்லாம் இந்தக் கூரைக்கு வாங்கினது" என்றாள்.

"அப்போ வீட்டுக்குள்ள வந்து எடுத்திருக்கானா?"

"யாரும் வரல. நான்தான் திருகினேன்."

"எதைம்மா?"

"டயர்ல. நாலு தடவையும். அப்பா தூங்கும்போது."

அவன் சின்னதாகச் சிரித்தான். துக்கத்தில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவனும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். அப்படிப் பார்க்கும்போது தொண்டைக்குழி எழும்புகிற விதம் அவன் அப்பாவினுடையது. அவள் டிராக்டரின் முன் சக்கரத்தில் சாய்ந்துகொண்டாள்.

"எதுக்கு?"

"அவர் ஓட்டக் கூடாதுன்னு. உங்கிட்டயும் சொன்னேன்ல."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டான். வெளியே யாரோ நாற்காலியை நிமிர்த்திப் போட்டார்கள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கு. அவருக்குத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு." அவள் மேலே சொல்லப் பார்த்தாள். வாளியைப் பற்றி, பைகளைப் பற்றி. "காலையிலயே பை நிறைய இருந்துச்சுடா" என்று மட்டும்தான் வந்தது. அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கு மட்டும்தான்."

அவன் டிராக்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முன் சக்கரத்தின் முன்னால் குனிந்து, பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவள் ஏதாவது ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வெளியே அவன் சொன்னதை அவள் கொட்டகையிலிருந்தே கேட்டாள். கூரை வேலை நடந்தபோது சிதறிய திருகாணிகள் அவை, கொட்டகைத் தரையிலேயே கிடந்து ஏறியிருக்கின்றன, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றான். பஞ்சர்காரர், பக்கவாட்டில் எப்படி ஏறும் தம்பி என்று ஆரம்பித்தார். அவன் அவரிடமிருந்து பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விடுங்கள் என்றான். மேட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் அவன் தோளைத் தட்டி, அப்பா போன நாளில் யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருக்கும் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை உறைத்தது. யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு வாசலில் எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் இலகுவாயிற்று.

நாலு மணிக்கு எடுத்தார்கள். முன்னால் யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, மகன் மேட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தனக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இரண்டு பேரும் ஒரே உயரம் இல்லை. சுமை ஒரு பக்கம் சாய்ந்தது. மேட்டுக்காரர் தோளின் மேல் ஒரு துண்டை மடித்து வைத்துச் சரிக்கட்டினார். அவள் பின்னாலேயே போனாள். குழி வெட்டி வைத்திருந்த இடத்தில் நின்றபோதும், மண் விழத் தொடங்கியபோதும், மகன் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தான். குடை பிடிக்கச் சொன்னான். தண்ணீர் கொடுத்து அனுப்பினான். எல்லாம் அடுத்தவர் கையால்.

மண்ணில் செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. வெட்டுகிறவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டார். இந்த மண்ணை யாரும் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று, காரணமே இல்லாமல் அவளுக்குத் தோன்றியது.

வீடு திரும்பி எல்லோரும் கலைந்துபோக ஐந்தரை மணியாயிற்று. பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரத் தரையில் பாய் கிடந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிவதுபோல இருந்தது. அவள் சுற்றிக்கொண்டு போனாள். குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். என்ன தேடுகிறோம் என்று தெரியாமல், கதவுகளைத் திறந்து திறந்து மூடினாள். பின்பக்கத்திலிருந்து யாரோ இழுத்து இழுத்து நடந்து வருவது கேட்டது. நின்று கேட்டாள். குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம். அது நின்ற பிறகும் அவள் காதில் நடை நிற்கவில்லை.

மகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். குளித்த தலையை அவன் துவட்டவில்லை. நாளைக் காலைப் பேருந்தில் போகிறானா, இரண்டு நாள் இருக்கிறானா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். அவள் நிற்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கழுத்து கொஞ்சம் விறைத்திருந்தது.

பிறகு அவன், திரும்பிப் பார்க்காமலேயே, படியில் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தான்.

இடம் விட்டானா, விலகிக்கொண்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தாள். அவன் இருந்த இடத்தில் கல் ஈரமாக இருந்தது. இன்னும் சூடாகவும் இருந்தது.